பதினோரு முடிச்சு

மாட்டுத் தரகர் செல்லையாவின் துண்டில் அந்தச் சனிக்கிழமை பதினோரு முடிச்சுகள் இருந்தன.

ஏழு மாதத்துக்கு முன் ஞானஸ்நானம் வாங்கிய அன்றே அவர் தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம் அது. வாயில் கெட்ட வார்த்தை வந்தால் ஒரு முடிச்சு. கையை ஓங்கினால் ஒரு முடிச்சு. முடிச்சே விழாத ஒரு வாரம் வரட்டும், அதன் பிறகு திருவிருந்துக்குப் போகலாம் என்றிருந்தார். அப்பமும் திராட்சரசமும் கொடுக்கச் சபைப் போதகரான ஐயர் மாதம் ஒரு தடவை வருவார். ஏழு தடவையும் செல்லையாவின் மனைவி கனகம் மட்டும் போய் முழங்கால் போட்டு வாங்கிவிட்டு வந்தாள்.

காலையில் செல்லையா, ஊர்ச் சபையைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் தாசனின் வீட்டு வாசலில் போய் நின்றார். தாசன் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். சபை நிலத்தைத் தானே உழுகிறவர்.

“பேரை அடிச்சிருங்கய்யா.”

“யார் பேரை, அண்ணாச்சி?”

“என் பேரைத்தான். நாளைக்கு ஐயர் வர்றதுக்குள்ள சபைப் பதிவேட்டுல இருந்து எடுத்திருங்க. போன வாரம் ஒம்பது. இந்த வாரம் பதினொண்ணு. இது தேறாத உருப்படி.”

தாசன் முடிச்சுகளைப் பார்த்தார்.

“பேரு எங்கயும் ஓடிராது. எங்க வெள்ளையன் ஜோடி செத்து ஒத்தையா நிக்கான். முதல்ல ஒரு மாடு பிடிச்சுக் கொடுங்க.”

புதுக் கயிறு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு செல்லையாவுடன் சந்தைக்குக் கிளம்பினார்.

செல்லையா நல்ல மாடாக நாலு காட்டினார். தாசன் எல்லாவற்றையும் தாண்டிப் போய்க் கடைசியில் கட்டியிருந்த ஒரு செவலைக்கு முன்னால் நின்றார். ஒற்றைக் கொம்பு. முதுகெல்லாம் கம்புத் தழும்பு.

“இதா? நாலு கை மாறின மாடுய்யா. நுகத்தைக் கண்டாலே உதைக்கும். மாட்டுக்காரன் முதல்ல பழக்கட்டும், பழகினப்புறம் வாங்கிக்கிடலாம்.”

“அடிச்சு அடிச்சு நாலு பேரு பழக்கிப் பாத்தாச்சே.”

“சரி, அடிமாட்டு விலைக்காவது பேசுதேன்.”

செல்லையா துண்டுக்கு அடியில் விரல் பிடித்து ரகசியமாகப் பேரம் பேச அதை விரித்தார். முடிச்சு விழுந்து சுருங்கிய துண்டு கையை மறைக்கவில்லை. அதற்குள் தாசன், மாட்டுக்காரர் கேட்ட விலையை அப்படியே கொடுத்துவிட்டார்.

மாட்டுக்காரர் பழைய கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார். செல்லையா குறுக்கிட்டார்.

“ஐயா, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. கயிறு மாத்திட்டா அவ்வளவுதான். அப்புறம் இது உதைச்சாலும் உங்க மாடு, செத்தாலும் உங்க மாடு. ஆண்டவரே வந்து சொன்னாலும் இந்தச் சந்தையில திருப்பி எடுக்க மாட்டான்.”

“நல்ல வழக்கம்” என்று சொல்லித் தாசன் புதுக் கயிற்றைக் கட்டினார்.

பாதி வழியில் செவலை உதைத்தது. தாசனின் முழங்காலுக்குக் கீழே பிளந்து ரத்தம் வழிந்தது. செல்லையா கம்பை ஓங்கினார்.

“அடிக்காதீங்க. துண்டைக் கொடுங்க, கட்டணும்.”

“முடிச்சா இருக்கேய்யா.”

“அவுத்துட்டுக் கொடுங்க.”

செல்லையா தரையில் உட்கார்ந்து நகத்தால் முடிச்சுகளை அவிழ்த்தார்.

“இது டீக்கடைக்காரனைத் திட்டினது. இது மச்சினனை அடிக்கப் போனது. இது... சவத்து மூதி, இறுகிப் போச்சு.”

“சீக்கிரம் அண்ணாச்சி. ரத்தம் போகுது.”

அதன் பிறகு எது எதற்கு விழுந்த முடிச்சு என்று அவர் பார்க்கவில்லை. பதினொன்றையும் அவிழ்த்துக் காலைச் சுற்றிக் கட்டினார்.

ஊருக்குத் திரும்பியதும் தாசன் சபை நிலத்து வரப்பில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். செல்லையா வெள்ளையனுக்குப் பக்கத்தில் செவலையைப் பூட்டி ஏரைப் பிடித்தார்.

செவலை உதைத்தது. பக்கவாட்டில் இழுத்தது. படுத்துக்கொண்டது. வெள்ளையன் நின்றான். செவலை எழுந்ததும் நடந்தான். நுகம் நகர்ந்தது, செவலையும் நகர வேண்டியதாயிற்று. மறுபடியும் படுத்தது. வெள்ளையன் மறுபடியும் நின்றான்.

செல்லையா ஒரு பெரிய கெட்ட வார்த்தையாகச் சொல்லிவிட்டு, முடிச்சுப் போடத் தோளைத் தடவினார்.

“துண்டு இங்கல்லா இருக்கு” என்றார் தாசன், காலைக் காட்டி.

செல்லையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஐந்து சால் கோணலாகப் போனது. ஆறாவது சாலில் பாதி நேராக வந்தது. செல்லையா ஏரை நிறுத்திவிட்டு அந்தப் பாதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் கம்பையே எடுக்கலையேய்யா.”

“எடுக்கல.”

“பாரம் பூரா வெள்ளையன் தோள்லதான் இருக்கு.”

“ஆமா.”

“நாளைக்கும் இது உதைக்கும்ல?”

“உதைக்கும்.”

“அப்ப?”

“நாளைக்கும் வெள்ளையன்தான் பக்கத்துல நிப்பான்.”

செல்லையா செவலையின் கழுத்துக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“என் பேரை என்னய்யா செய்யப் போறீங்க?”

தாசன் வரப்பை ஊன்றி எழுந்தார்.

“உங்களுக்குக் கயிறு மாத்தி ஏழு மாசமாச்சு அண்ணாச்சி. நாளைக்கு ஒம்பது மணிக்குக் கனகம் மைனியோட திருவிருந்துக்கு வந்துருங்க. துண்டு எங்கிட்டயே இருக்கட்டும்.”