நேற்றுப் படித்த மனு

செயல் அலுவலர் மார்த்தாண்டன் சொல்லாமல் அந்தப் பேரூராட்சியில் மின்விசிறிகூடச் சுற்றாது. கணினியில் எதை நிறுவவும் கடவுச்சொல் அவர் ஒருவரிடம்தான். ஒப்பந்த ஊழியர் பொற்கொடி ஏழு தடவை கேட்டுவிட்டாள்: "சார், பிடிஎஃப்ல வர்ற மனுவைப் பார்க்க பிளக்-இன்னுங்கற மென்பொருளைப் போடணும். இல்லாட்டி பிரவுசர்ல வெறும் சாம்பல் கட்டம்தான் தெரியும்."

ஏழு தடவையும் ஒரே பதில்: "உன் வேலையப் பாரும்மா."

அன்று மண்டல அதிகாரி அம்மா ஆய்வுக்கு வந்து உட்கார்ந்தார். வெளியே, குடிநீர்க் குழாய் கேட்டு மனுப் போட்ட சனம் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"இவங்க மனுவை ஏன் தள்ளுபடி பண்ணினீங்க?"

"நாற்பது பக்கத்தையும் நேத்து இதே கணினியில வரிவரியாப் படிச்சேன் மேடம். உருப்படியா ஒண்ணுமில்ல. பொற்கொடி, அதைத் திற! அஞ்சு நிமிஷத்துல திரையில வரலேன்னா நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

பொற்கொடி சொடுக்கினாள். சாம்பல் கட்டம் வந்தது. அதற்குள் பொடி எழுத்தில் ஒரே ஒரு வரி. மறுபடி சொடுக்கினாள். அதே கட்டம். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மார்த்தாண்டன் மேசையைத் தட்டினார். கதவு அதிர்ந்தது.

பொற்கொடி எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"எனக்குத் திறக்க வரல சார். நேத்து நீங்க எப்படித் திறந்து படிச்சீங்களோ, அப்படியே ஒரு தடவை காட்டிடுங்க. கத்துக்கறேன்."

மார்த்தாண்டனின் கை மவுஸ் வரைக்கும் போய், அங்கேயே நின்றது. மண்டல அதிகாரி எட்டிப் பார்த்து, "பிளக்-இன் நிறுவப்படவில்லை" என்று வாய்விட்டுப் படித்தார்.

"இந்த ஒரு வரியைத்தான் நாற்பது பக்கம்னு படிச்சீங்களா?" என்றவர், முதலில் கதவைத் திறக்கச் சொன்னார்.