ஊசி போன இடம்

அந்த வார்டில் நரைத்த தலை மாணவருடையது. கறுத்த தலை ஆசிரியருடையது. வயிற்று நோய் மருத்துவராகப் பேரெடுத்த பிறகு, ரத்தக்குழாய்க்குள் குழல் செலுத்தும் வித்தையைக் கற்க டாக்டர் ஜைத்தூனிடம் வந்து சேர்ந்தவர் அருமைநாயகம்.

ஜைத்தூனுக்கு ஒரு வழக்கம். ஈரலில் யார் ஊசி செலுத்தினாலும், மறுநாள் அந்த இடத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்பார். ஈரல் என்ன பாட்டா பாடும் என்று அருமைநாயகமே கேலி செய்ததுண்டு.

சித்திரையில், ஜைத்தூன் விடுப்பில் இருந்தபோது, சீனியம்மாள் என்ற நோயாளியின் ஈரலிலிருந்து அருமைநாயகம் ஊசியால் சோதனைக்குத் துணுக்கு எடுத்தார். அந்த அம்மாள் அடக்கிய மூச்சை விடுமுன் ஊசி வெளியே வந்திருந்தது. மறுநாள் நாடி பார்த்தார், நெஞ்சில் வைத்துக் கேட்டார், ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்.

ஆடியில் சீனியம்மாள் வயிறு ஊதித் திரும்பி வந்தார். ஸ்கேனில் தெரிந்தது. ஊசி போன தடத்தில், வேகமாக ஓடும் தமனி மெதுவாக ஓடும் சிரைக்குள் திறந்துகொண்டிருந்தது. அடைக்காவிட்டால் ரத்த வாந்தி வரும்.

"தொடை வழியா குழல் விட்டு அடைக்கணும். நீங்களே செய்யுங்க" என்றார் ஜைத்தூன்.

அருமைநாயகம் அறைக் கதவைச் சாத்தினார்.

"என் ஊசியால வந்ததுன்னு தெரிஞ்சா அந்தம்மா சம்மதிக்க மாட்டாங்க, மேடம். எழுந்து வீட்டுக்குப் போயிடுவாங்க. போனா உசிர் நிக்காது. சொல்லாம அடைச்சுட்டா என்ன தப்பு?"

ஜைத்தூன் கழுத்திலிருந்த ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி அவரிடம் கொடுத்து, கட்டிலருகே அழைத்துப் போனார்.

"காதுல மாட்டுற பக்கம் அந்தம்மாவுக்கு. மறுமுனை உங்களுக்கு."

சீனியம்மாள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். காதில் மாட்டியதும் சிரித்தார். அருமைநாயகம் வலது விலாவில், ஊசித் தழும்பின் மேல் ஸ்டெதாஸ்கோப்பின் தட்டை வைத்தார். சிரிப்பு நின்றது.

"என்ன இது, கொதிக்கிற அண்டா மாதிரி இரையுது?"

அருமைநாயகம் ஜைத்தூனைப் பார்த்தார். ஜைத்தூன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள ரெண்டு ரத்தக்குழாய் ஒண்ணாத் திறந்துக்கிச்சும்மா. என் ஊசி போட்ட ஓட்டை."

சீனியம்மாள் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு பொரிந்து தள்ளினார். வயிற்றைப் பார்த்து, இந்த வயதில் மசக்கையா என்று கூட வேலை பார்ப்பவள் கேட்டது முதல், கண்ட மாத்திரைகளையும் விழுங்கியது வரை எல்லாம் வந்தது. தட்டை எடுக்காமல், நின்று வாங்கிக்கொண்டார் அருமைநாயகம்.

"அடைக்கப் போறது யாரு?"

"நான்தான்."

"அப்ப ஒழுங்கா அடைங்க. ஓட்டை எங்கேன்னு உங்களுக்குத்தானே தெரியும்."

மறுநாள் அருமைநாயகம் குழல் வழியே உலோகச் சுருள்களை ஒவ்வொன்றாக இறக்கினார். திரையில், சிரைக்குள் பாய்ந்துகொண்டிருந்த சாய மருந்தின் கறுப்பு மெலிந்து, இழையாகி, நின்றது.

வார்டுக்கு வந்ததும், யாரும் சொல்லாமலே விலாவில் வைத்துக் கேட்டார். சீனியம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரைச்சல் இல்லை.

"ஒண்ணுமில்லை, மேடம்" என்று தட்டை எடுக்கப் போனார்.

"அன்னைக்கும் அதையேதான் சொன்னீங்க, சார்" என்றார் ஜைத்தூன்.

அருமைநாயகம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தட்டு விலாவிலேயே இருந்தது.