நல்லா வளருது

அந்த மிஷன் ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில் சிஸ்டர் எமரன்சியாவின் ஆய்வுக்கூடம் இருந்தது. குழந்தைகளின் ரத்தச் செல்லை எதுவாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லாக்கி, அதை ஈரல் செல்லாக மாற்றிப் பார்ப்பது அங்கே வேலை. ஆராய்ச்சிதான். யாருக்கும் இன்னும் ஈரல் கொடுத்ததில்லை.

சிஸ்டரிடம் ஆவுடைச்செல்வி மூன்று வருடமாகக் கற்று வந்தாள். கை சுத்தமான பெண். செல் வளர்க்கும் தட்டுகளில் அவள் தொட்டது எதிலும் பூஞ்சை பிடித்ததில்லை.

செல்கள் வாழும் சிவப்புத் தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். சாப்பாடு போடுவது என்று அதற்குப் பேர். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு, கிறிஸ்துமஸுக்கும் உண்டு.

பேச்சித்தாய் பீடி சுற்றுகிறவள். அவள் மகன் இசக்கிராஜாவுக்கு இரண்டு வயது. பிறந்தபோதே பித்தக்குழாய் அடைபட்டு, ஈரல் கெட்டுக்கொண்டு வந்த பிள்ளை. ஆறு மாதத்துக்கு முன்னால் ஆராய்ச்சிக்கென்று அவன் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு, ஆவுடையின் போன் நம்பரையும் வாங்கிப் போயிருந்தாள். தினமும் மத்தியானம் கூப்பிடுவாள்.

"பாப்பா, எம் பிள்ளை செல்லுக்குச் சாப்பாடு போட்டாச்சா?"

"போட்டாச்சுக்கா. நல்லா வளருது."

ஒரு திங்கட்கிழமை அறுவை டாக்டர் கீழே இறங்கி வந்தார்.

"சிஸ்டர், அந்தப் பேச்சித்தாய் ரெண்டாவது தடவையா அட்மிட் ஆக வரலை. அவ ஈரல்ல ஒரு துண்டு எடுத்துப் பிள்ளைக்கு வைக்கணும். தேதியெல்லாம் குறிச்சாச்சு. போன் பண்ணினா, கீழேதான் ஈரல் வளருதாம்லா, பெறவு உன்னை எதுக்கு அறுக்கணும்னு வீட்ல கேக்காங்களாம். என்ன சிஸ்டர் வளருது இங்க? கீரையா?"

அவர் போன பிறகு சிஸ்டர் ஆவுடையைப் பார்த்தார்.

"நான் பொய் சொல்லலை சிஸ்டர். வளரத்தானே செஞ்சுது?"



"நாளைக்கு அவளை வரச் சொல்லு. பிள்ளையையும் தூக்கிட்டு வரட்டும்."

மறுநாள் காலையில் பேச்சித்தாய் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். இடுப்பில் இசக்கி. கை கால் குச்சியாக, வயிறு மட்டும் குடம் மாதிரி. கண்ணில் மஞ்சள்.

"உள்ள வரலாமா? எம் மேல புகையிலை வாடை அடிக்குமே." ஆவுடையின் கையில் ஒரு அல்வாப் பொட்டலத்தைத் திணித்தாள். "செல்லுக்கு இல்ல பாப்பா, உனக்கு."

இசக்கியின் ரத்தத்திலிருந்து ஈரல் செல்லாக மாறியிருந்த தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து, பேச்சித்தாயைப் பார்க்கச் சொன்னார் சிஸ்டர். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"தேன்கூடு கணக்கா இருக்கு. ஏலே இசக்கி, இங்க பாருலே, உன் ஈரலு!"

பிள்ளை முகத்தை அவள் கழுத்தில் புதைத்துக்கொண்டது.

சிஸ்டர் அந்தத் தட்டை எடுத்து மூடியோடு அவள் உள்ளங்கையில் வைத்தார். ஆவுடை தட்டை வாங்கக் கையை நீட்டினாள். இருபத்திரண்டு நாள் வேலை.

"சிஸ்டர், இவ்வளவு நேரம் வெளிய இருந்தா அது…"

"தெரியும்." சிஸ்டர் பேச்சித்தாயிடம் திரும்பினார். "பீடிக் கடையில புகையிலைத் தூள் நிறுத்துக் குடுப்பாங்கல்ல? கால் கிலோன்னா உன் கைக்குத் தெரியுமா?"

"தராசே வேண்டாம் சிஸ்டர். பத்து கிராம் குறைஞ்சாலும் கடைக்காரன்கூடச் சண்டைக்குப் போயிருவேன்."

"உன் பிள்ளைக்கு வேண்டிய ஈரல் கால் கிலோ. இது எவ்வளவு இருக்கும்?"

பேச்சித்தாய் உள்ளங்கையை ஏற்றி இறக்கிப் பார்த்தாள்.

"டப்பா கனம்தான் தெரியுது."

"டப்பாவைக் கழிச்சுக்கோ."

"தண்ணி இருக்கு."

"தண்ணியையும் கழிச்சுக்கோ."

அவள் கை அசையாமல் நின்றது.

"அப்ப ஒண்ணுமே இல்லையே சிஸ்டர்."

"மிச்சத்தை நீ சொல்லு" என்றார் சிஸ்டர், ஆவுடையிடம்.

ஆவுடை தரையைப் பார்த்துச் சொன்னாள். "ஸ்டெம் செல்லா இருக்கறப்ப பெருகும்க்கா. ஈரல் செல்லா மாறிட்டா பெருகாது, நின்னுடும். கொஞ்ச நாள் இருந்துட்டுச் செத்துரும். நாங்க மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிப்போம்."

"நல்லா வளருதுன்னு சொன்னியே?"

"சொன்னேன்."

"தெனமும் சொன்னியே பாப்பா."



பேச்சித்தாய் தட்டைத் தளும்பாமல் மேஜைமேல் வைத்தாள்.

"கத்தியை நெனைச்சாலே எனக்கு ஈரக்குலை நடுங்கும். நீ சொன்னதைப் பிடிச்சுக்கிட்டு வீட்டுலயே இருந்துட்டேன்." பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "இன்னைக்கே அறுக்கச் சொல்லுங்க சிஸ்டர். எங்க படுக்கணும்?"

சிஸ்டர் இசக்கியின் நெற்றியைத் தொட்டார். கையை உடனே எடுக்கவில்லை.

"எப்ப இருந்து சுடுது?"

"ராத்திரியில இருந்து. பல்லு முளைக்கிற சூடுன்னு நெனைச்சேன்."

மேலே அம்மாவுக்கு ஒரு கட்டில், பிள்ளைக்கு ஒரு கட்டில் கொடுத்தார்கள். பித்தத்தில் கிருமி ஏறியிருந்தது. காய்ச்சல் இறங்காமல் கத்தி வைக்க முடியாது என்றார் டாக்டர். பேச்சித்தாய் ஆபரேஷன் கவுனைப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். கழற்றச் சொன்னாலும் கழற்றவில்லை.

ஒன்பதாம் நாள் விடியலில் பிள்ளை போய்விட்டது.

ஆவுடை மூன்று நாள் ஆய்வுக்கூடத்துக்கு வரவில்லை. மூன்று நாளும் சிஸ்டரே சாப்பாடு போட்டார். நாலாம் நாள் வந்து, இசக்கியின் ஸ்டெம் செல் தட்டுகள் முன்னால் நின்றாள்.

"இதைத் தூக்கிப் போட்டுரவா சிஸ்டர்?"

"எதுக்கு?"

"அவனே இல்லையே."

"அவன் கட்டில்ல நேத்தே வேற பிள்ளை வந்தாச்சு. அதுக்கும் கண்ணு மஞ்சள்."

ஆவுடை கையுறை மாட்டினாள். பழைய தண்ணீரை உறிஞ்சி எடுத்தாள். புதுத் தண்ணீரை ஓரமாக விட்டாள். ஒரு துளி சிந்தவில்லை.

மத்தியானம் போன் அடித்தது. பேச்சித்தாயின் பேர். ஆவுடை திட்டு வாங்கத் தயாராகித்தான் எடுத்தாள்.



"பாப்பா."

"அக்கா."

"எம் பிள்ளை செல்லுக்குச் சாப்பாடு போட்டாச்சா?"

ஆவுடை போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"சிஸ்டர், நான் என்ன சொல்ல?"

"போட்டியா?"

"போட்டேன்."

"போட்டாச்சுன்னு சொல்லு" என்றார் சிஸ்டர். "அதோட நிறுத்திக்கோ."