காற்று நின்ற நேரம்

"டீச்சர், ஒரு காத்துக்குச் சரி பண்ணுனா மறு காத்துக்குத் தப்பாப் போவுது. இதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

வாசலில் நின்றபடியே சொன்னார் தாணுலிங்கம். ஐம்பத்தெட்டு வயதுக் கோழிப்பண்ணைக்காரர். கையில் ஏர்கன். முகத்தைப் பார்த்தால் நாலு நாளாகத் தூங்காதவர் என்று தெரிந்தது.

ரெஜினா டீச்சருக்கு அவரைவிட இருபது வயது குறைவு. பள்ளிப் பிள்ளைகளுக்குத் துப்பாக்கி சுடப் பழக்குகிறவர். ஆரல்வாய்மொழிப் பக்கம் யாருடைய ஏர்கன் கோணிக்கொண்டாலும் அவர் முற்றத்துக்குத்தான் வரும்.

"என்னத்தச் சுடுதீங்க?"

"பெருச்சாளி. சாயங்காலமானா வலைக்கு அடியில பொந்து வழியா வந்து குஞ்சுகளை இழுத்துட்டுப் போவுது."

"சுட்டுக் காட்டுங்க."

மதிலில் ஒரு தாளை ஒட்டினார் டீச்சர்.

முதல் குண்டு இடப்பக்கம் போனது. தாணுலிங்கம் குறி பார்க்கும் ஸ்கோப்பின் திருகைத் திருகினார். அதற்குள் காற்று தணிந்தது. அடுத்தது வலப்பக்கம் போனது. திரும்பவும் திருகினார். மூன்றாவது தாளிலேயே படவில்லை.

ஆடிக்காற்றில் அம்மியே பறக்குமாம். உளுந்து அளவு குண்டு எந்த மூலைக்கு? ஆனால் மனுஷர் விடுவதாயில்லை. பத்துக் குண்டு முடிவதற்குள் திருகு சூடேறிப்போயிருக்கும்.

டீச்சர் துப்பாக்கியை வாங்கினார். நீளக் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்தி, காற்றில்லாத இடத்தில் சுட்டுச் சரிபார்த்தார். பிறகு திருகின் மேல் நகப்பூச்சை ஒரு சொட்டு வைத்தார்.

"இனி இதுல கை வைக்கப்படாது."

"அப்போ காத்துக்கு?"

"மாறிக்கிட்டே இருக்குற காத்துக்குத் திருகு உதவாது அண்ணாச்சி. எம்புட்டுத் தள்ளும்னு பாத்து, அம்புட்டு ஒதுக்கிக் குறி பிடிக்கணும். தெரியலன்னா சுடப்படாது."

தாணுலிங்கத்தின் முகம் தெளியவில்லை.

"இன்னும் என்ன?"

"முந்தாநாள் ஒரு குண்டு பெருச்சாளியத் தாண்டிப் போயி, எங்க வீட்டுக்காரி பகவதி கையில இருந்த தீவனத் தட்டுல பட்டுட்டு. காத்துல ஏதோ கல்லு பறந்து வந்துட்டுன்னு நினைச்சா. நானும் ஆமான்னுட்டேன்."

சொல்ல அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

டீச்சர் திட்டவில்லை. அவர் கொண்டுவந்த குண்டு டப்பாவை எடுத்துத் தன் மேசைக்குள் வைத்துப் பூட்டினார்.

"இன்னைக்கும் அதே இடத்துல உக்காருங்க. வெறும் துப்பாக்கியோட. காத்து சுத்தமா நிக்கிற வரைக்கும் ஸ்கோப்பு வழியாப் பாத்துட்டே இருங்க. நாளைக்கு வாங்க."

"குஞ்சுக?"

"ஒரு நாளைக்குக் கூடையப் போட்டு மூடுங்க."

மருந்து கேட்டால் பத்தியம் சொல்கிறாளே என்று முனகிக்கொண்டே போனார்.

மறுநாள் விடிந்ததும் வந்துவிட்டார்.

"காத்து நின்னுதா?"

"நின்னுது. ஒரு இலை அசையல."

"பெருச்சாளி?"

"வந்துட்டு. பொந்து வாசல்ல உக்காந்து மீசைய ஆட்டுது. ஸ்கோப்புல தெரியுத குறிக்கோடு அது நெத்தியில நிக்கு. அப்பிடி ஒரு குறி எனக்குக் கிடைச்சதே இல்ல டீச்சர்."

"பொறவு?"

"சுடத்தான் வழியில்லையேன்னு அதுக்கு அந்தால பாத்தேன். நேர் பின்னால, வலைக்கு அந்தப் பக்கம், பகவதி குனிஞ்சு தீவனம் போடுதா. தினமும் அங்கனதான் போடுதா. பெருச்சாளி சட்டுன்னு ஒதுங்கிட்டு. கோடு அவ கழுத்துல."

டீச்சர் மேசைப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"அன்னைக்குக் காத்துதான் குண்டை ஓரமாத் தள்ளியிருக்கு. அதைத்தான் நாலு நாளா ஏசிக்கிட்டுத் திரிஞ்சேன்."

தாணுலிங்கம் துப்பாக்கியை மதிலில் சாத்தி வைத்தார்.

"நேத்து அவ நிமிந்து உள்ள போற வரைக்கும், காத்தே அடி, காத்தே அடின்னு கும்பிட்டுக்கிட்டே இருந்தேன்."

"துப்பாக்கியில குண்டே இல்லையே அண்ணாச்சி?"

"தெரியும் டீச்சர். தெரிஞ்சுதான் கும்பிட்டேன்."