முந்நூறு கோடிக்கு வந்த பதில்

தலைமை நிரலாளர் தணிகாசலத்தின் அறையில் "முடியாது" என்ற சொல்லை யாரும் சொல்லக் கூடாது. சொன்னவர்கள் வேலையில் நிலைத்ததில்லை.

அவர் சி மொழியில் எழுதிய நிரல், எந்த எண்ணையும் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என இரட்டிக்கும் வரிசையில் அடுத்து வரும் எண்ணுக்கு உயர்த்தித் தரும். ஐந்தைக் கொடுத்தால் எட்டு வரும், நூறைக் கொடுத்தால் நூற்று இருபத்தெட்டு. அணையின் வெள்ள எச்சரிக்கைக் கருவி அதை நம்பித்தான் நினைவகத்தில் இடம் ஒதுக்கும். பதினோரு பேர் சரியென்று கையெழுத்திட்டார்கள். ஒப்பந்தச் சோதனையாளர் மரகதவல்லி மட்டும் போடவில்லை.

"ஒரே ஒரு நம்பர் குடும்மா. என் நிரல் தப்பு பண்ணலேன்னா நாளையிலிருந்து நீ வர வேண்டாம்."

"முந்நூறு கோடி, சார்."

தட்டினார். பூஜ்யம் வந்தது. மறுபடி தட்டினார். மறுபடியும் பூஜ்யம்.

"அவ்வளவு பெரிய நம்பர் எங்கேருந்து வரும்?"

"மழையில நனைஞ்ச சென்சார் எதை வேணாலும் அனுப்பும் சார். அதை வரிசையில அடுத்த எண்ணுக்கு உயர்த்தினா, எண்ணை வைக்கிற முப்பத்திரண்டு பிட் இடத்துல அடங்காது. அப்போ நிரல் முடியாதுன்னு சொல்லணும். இது இந்த அறையில பிறந்த நிரல், அதுக்கு அந்தச் சொல் தெரியல. பூஜ்யத்தை நீட்டிடுச்சு. கருவிக்கு இடமே கிடைக்காது, எச்சரிக்கைச் சங்கும் ஊதாது."

அணைக்குக் கீழே நாற்பது ஊர்கள் இருந்தன.

தணிகாசலம் கையெழுத்திட்ட பதினோரு பேரையும் பார்த்துக் கேட்டார்: "இதை இப்படியே அனுப்பலாமா?"

முதல் கையெழுத்துப் போட்டவரே எழுந்தார்.

"முடியாது, சார்."