உப்புப் பார்க்கிறவர்

பூதப்பாண்டியில் கல்யாணச் சமையல் செய்துவந்த தவசுப்பிள்ளை தாணுமாலயம் சொல்லக் கேட்டது. 1987 ஆவணியில், பந்தி முடிந்த ஒரு பிற்பகல். கதை நடக்கும் தீவுக் குடியரசுக்கு அவர் பெயர் சொல்லவில்லை. "கடலுக்கு அந்தப் பக்கம்" என்றதோடு சரி.

அந்தத் தீவில் பர்வதம் அம்மையின் மடத்தில் இரண்டு பேர் ஒன்றாகப் படித்தார்கள். கார்த்திகேசு பின்னாளில் நாட்டுக்கு அதிபரானார். தில்லையம்பலம் எதிர்க்கட்சித் தலைவரானார். காயலை மறித்துத் துறைமுகம் கட்ட அதிபர் முனைந்தபோது, அங்கே வலைவீசிப் பிழைத்தவர்களுக்காகச் சபையில் எழுந்து நின்றவர் தில்லையம்பலம்தான்.

துறைமுகச் சட்டம் சபைக்கு வரவிருந்த வாரத்தில் அதிபரிடமிருந்து அழைப்பு வந்தது. மீன்வளத்துறை அமைச்சராக வேண்டுமாம். தில்லையம்பலம் நேரே மடத்துக்குப் போய் மடைப்பள்ளிச் சன்னலுக்கு வெளியே நின்றார். உள்ளே அம்மை அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"கார்த்திகேசு என்னை அமைச்சராகக் கூப்பிடுகிறான், அம்மா."

"நல்லதுதானே. சாப்பிட்டாயா?"

"சபையில் அவனுக்குக் கை போதவில்லை. என் ஆட்களும் கை தூக்கினால் சட்டம் நிறைவேறிவிடும். ஆனால் நான் காய்ச்சலில் கிடந்தபோது என் கட்டிலருகே வந்து உட்கார்ந்தவனும் அவன்தான். அன்பால் கூப்பிடுகிறானா, என் வாயை அடைக்கக் கூப்பிடுகிறானா? அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது."

அம்மை நிமிர்ந்து பார்த்தார். தில்லையம்பலத்தின் நரைத்த தலை வெயிலில் வேர்த்துக்கொண்டிருந்தது.

"வெயிலில் ஏன் நிற்கிறாய்? உள்ளே வா. கஞ்சி கிண்டவும் ஆள் இல்லை."

தில்லையம்பலம் தயங்கினார். அந்த மடைப்பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. அடுப்படியில் நிற்பவர் உப்புப் பார்க்கக் கூடாது. வெளியே இருக்கும் ஒருவரைச் சன்னலண்டை அழைத்து, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுக் கேட்க வேண்டும். படித்த காலத்தில் கிண்டியவர் கார்த்திகேசு. வெளியே நின்று கை நீட்டியவர் தில்லையம்பலம்.

"நான் உள்ளே வந்தால் உப்புப் பார்ப்பது யார்?"

"இன்றைக்கு நீயே பார்த்துக்கொள். நேற்று வந்தவனா நீ?"

உள்ளே போய்த் துடுப்பைப் பிடித்தார். புகை கண்ணைக் கரித்தது. வேர்வை உதட்டில் இறங்கி நாக்கெல்லாம் உப்பேறியது. நாக்கில் விட்டுப் பார்த்தார், சப்பென்று இருந்தது. ஒரு பிடி போட்டார். மறுபடி பார்த்தார், இன்னும் சப்பென்றே இருந்தது. இன்னொரு பிடி போட்டார்.

"சரியாக இருக்கிறதா?" என்று அம்மை கேட்டார்.

"கச்சிதமாக இருக்கிறது, அம்மா."

அன்று பந்தியில் பாதிப்பேர் காயல்காரர்கள். முதல் வாய் குடித்த கிழவர் ஒருவர் விழித்தார்.

"கடலிலிருந்து வருகிறோம் என்று கடலையே காய்ச்சிவிட்டார்களோ?"

அவர் மனைவி தொடையில் இடித்தாள். "மெல்லப் பேசுங்க. கிண்டினது நம்ம தில்லையய்யா."

கிழவர் வாயை மூடிக்கொண்டார். அந்தப் பேச்சு காதுக்குக் காது போயிற்று. வரிசை முழுவதும் ஒன்றும் சொல்லாமல் குடித்தது. தண்ணீர்ச் செம்பு மட்டும் ஓயாமல் கைமாறியது.

அகப்பையோடு நின்ற தில்லையம்பலம் செம்புகளைப் பார்த்தார். வாசலுக்குப் போய் வாயைக் கொப்பளித்து, காற்றாடச் சற்று நின்றுவிட்டு வந்து ஒரு வாய் குடித்தார். விழுங்க முடியவில்லை.

"அம்மா, இதற்காகத்தான் என்னை உள்ளே கூப்பிட்டீர்களா?"

அம்மை தம் கிண்ணத்துக் கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தார். எழுந்து வந்து, முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டார்.

"இல்லையடா. வெயிலில் நின்றாய், மனம் கேட்கவில்லை. அன்பால்தான் கூப்பிட்டேன். கஞ்சி கரித்துத்தானே போயிற்று?"

தாணுமாலயம் இவ்விடத்தில் நிறுத்திவிடுவார். தில்லையம்பலம் பதவி ஏற்றார், துறைமுகம் எழுந்தது என்று முடிப்பவர்கள் இரணியல் பக்கம் உண்டு. குளச்சலில் வலை பின்னும் பெண்கள் சொல்லும் முடிவு வேறு. அவர் மறுத்துவிட்டார்; சபையில் எழுந்து நின்று எதிர்த்தார்; அன்று மாலை அதிபர் மாளிகையிலிருந்து அவர் வீட்டுக்கு ஒரு தூக்குவாளியில் கஞ்சி வந்தது. கொண்டுவந்தவர் வாசலிலேயே நின்று, உப்புச் சரியா என்று மட்டும் கேட்டாராம்.