பின்வாசல் இல்லாத வளை

ஒரு காட்டில், குழந்தைகளே, இரண்டு பள்ளிக்கூடங்கள் இருந்தன.

ஒன்று சிங்கராஜாவின் பள்ளி. அங்கே வரிசையாக உட்கார்ந்து ஒப்பிக்க வேண்டும். இன்னொன்று ஆற்றோரத்தில் மரங்கொத்தி டீச்சர் தானே தொடங்கி நடத்திய பள்ளி. அங்கே ஒப்பிப்பது கிடையாது. பருவத்துக்கு ஒரு வேலை. அதைப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்து முடிக்க வேண்டும்.

"பெத்தவங்க கை படக்கூடாது" என்று பள்ளியில் சேர்க்கும்போதே டீச்சர் சொல்லிவிடுவார். எல்லாப் பெற்றோரும் தலையாட்டுவார்கள். தலையாட்டுவதில் என்ன செலவு?

அந்தப் பள்ளியில் ஒரு நரிக்குட்டி படித்தது. அதன் பெயர் குஞ்சலம். பக்கத்து வளையில் இருந்த முள்ளம்பன்றிக்குட்டியும் அங்கேதான் படித்தது. அதன் பெயர் ஊசி. இரண்டும் உயிர்த் தோழர்கள்.

கோடைப் பருவத்தில் ஊசி ஓடையின் குறுக்கே சின்ன அணை ஒன்று கட்டியது. தண்ணீர் குளம்போல் தேங்கி நின்றது. வெயில் முடியும்வரை மானும் முயலும் அங்கேதான் தண்ணீர் குடித்தன. யானை கூட ஒருநாள் குடித்துவிட்டு, "யாரு பெத்த பிள்ளைப்பா இது?" என்று கேட்டது.

அந்தக் கேள்வி நரியம்மாவின் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"உடம்பு முழுக்க முள்ளு. ஒரு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசத் தெரியாது. அவளுக்கு இப்படி ஒரு பிள்ளையா?" என்று நினைத்து நினைத்து வயிறெரிந்தாள். முள்ளம்பன்றியம்மா எதிரே வந்து சிரித்தால் இன்னும் எரிந்தது.

மழைக்காலம் நெருங்கியது. டீச்சர் அடுத்த வேலையைச் சொன்னார்.

"மழைக்கு ஒரு வீடு கட்டணும். பறவைங்க கூடு கட்டுங்க. வளையில இருக்கறவங்க வளை தோண்டுங்க. எல்லாரும் வந்து பார்க்கறதுக்கு ஒரு நாள் வைப்போம். அப்புறம் முதல் மழைக்கு அவங்கவங்க கட்டின வீட்டுலதான் அவங்கவங்க இருக்கணும். அதுதான் பரீட்சை."

குஞ்சலமும் ஊசியும் ஆற்றங்கரைச் சரிவில் அருகருகே தோண்டத் தொடங்கின. குஞ்சலத்தின் வளை முதலில் இடிந்தது. மறுபடி தோண்டியது. அதுவும் இடிந்தது.

"மணல் வந்தா விட்டுடு. களிமண் பிடிச்சிக்கிட்டே போ. அது இடியாது" என்றது ஊசி.

"உனக்கு யார் சொன்னா?"

"எனக்கு மூணு தடவை இடிஞ்சுது" என்றது ஊசி.

குஞ்சலம் மூக்கெல்லாம் மண்ணாகச் சிரித்தது. களிமண்ணைத் தேடிப் பிடித்து மெல்லத் தோண்டியது. வளை கோணலாகத்தான் வந்தது. ஆனால் நின்றது.

அப்போது நரியம்மா வந்தாள். தன் மகளின் கோணல் வளையைப் பார்த்தாள். பக்கத்தில் ஊசியின் வளையைப் பார்த்தாள். அவள் முகம் கறுத்தது.

"இதைக் காட்டி என் மானத்தை வாங்கப் போறியா? நீ வீட்டுக்குப் போய் வாலைச் சீவு. அம்மா பார்த்துக்கறேன்."

"நானே தோண்டறேன்மா."

"போன்னா போ."

குஞ்சலம் அழுதுகொண்டே போனது. நரியம்மா நேராகப் பெருச்சாளியிடம் போனாள். வளை தோண்டுவதில் அந்தக் காட்டிலேயே பெயர் பெற்றவர் அவர். ஒரு குவியல் கிழங்கு தருவதாகச் சொன்னதும் உடனே கிளம்பி வந்தார். கோணல் வளையை மூடிவிட்டுப் பக்கத்திலேயே புதிதாகத் தோண்டினார்.

"அண்ணே, முன்வாசல் பார்க்கறவங்க கண்ணு பிதுங்கணும். பெருசா, வளைவா வைங்க" என்றாள் நரியம்மா.

"வெச்சிடலாம். பின்வாசல் எந்தப் பக்கம் வேணும்?"

"பின்வாசலை யாரு பார்க்கப் போறாங்க? அந்த நேரத்துல முன்வாசல்ல இன்னும் ரெண்டு பூ வேலை செய்ங்க."

பெருச்சாளி மீசையைத் தடவிக்கொண்டார். "வாசல் இவ்வளவு பெருசா இருந்தா தண்ணி வருமே அம்மா. வந்தா பிள்ளை எந்த வழியா போகும்?"

"முதல் மழை என்னைக்கு அண்ணே பெருசாப் பெஞ்சிருக்கு? ரெண்டு தூறல் போட்டுட்டுப் போயிடும்."

கிழங்கு கொடுப்பவள் சொன்னால் பெருச்சாளிக்கு என்ன? அவள் சொன்னபடி செய்துவிட்டுப் போனார். வளைக்குப் பின்பக்கம் ஒரு முள்புதர் இருந்தது. "பின்வாசல் அந்தப் புதருக்குள்ள இருக்கு" என்று நரியம்மா மகளிடம் சொல்லிவைத்தாள். குஞ்சலம் அதை நம்பியது. அம்மா சொன்னால் பிள்ளை நம்பத்தானே செய்யும்.

பார்வையாளர் நாள் வந்தது. எல்லாரும் குஞ்சலத்தின் வளை முன்னால்தான் கூடினார்கள். மயில் தோகையைத் தரையில் விட்டுவிட்டு வாய் பிளந்து நின்றது. மான் பூமாலை ஒன்றை வாசலில் மாட்டியது. ஊசியின் வளைவாசல் மேட்டில் சின்னதாக இருந்தது. குனிந்து பார்க்கச் சோம்பல்பட்டு எல்லாரும் அதைக் கடந்து போனார்கள்.

மரங்கொத்தி டீச்சர் குஞ்சலத்திடம் கேட்டார். "உள்ளே போகப்போக என்ன மண்ணு வந்துச்சு?"

குஞ்சலம் அம்மாவைப் பார்த்தது.

"செம்மண்ணு டீச்சர்" என்றாள் நரியம்மா.

"நான் குழந்தையைக் கேட்டேன், குஞ்சலம் அம்மா."

"கூச்சப்படறா டீச்சர். எல்லாம் அவளே தோண்டினதுதான். பின்வாசல் கூட அதோ, அந்தப் புதருக்குள்ள இருக்கு."

டீச்சர் அடுத்த கூட்டுக்குப் பறந்தார்.

நரியம்மா கூட்டத்தில் ஒரே ஒரு முகத்தைத்தான் தேடினாள். தான் எரிந்ததைப்போல அந்த முகமும் எரிவதைப் பார்க்க வேண்டும் அவளுக்கு. முள்ளம்பன்றியம்மா வளையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள். "ரொம்ப நல்லா இருக்கு, குஞ்சலம் அம்மா. பிள்ளை கெட்டிக்காரி" என்றாள். அந்த முகத்தில் பொறாமை துளியும் இல்லை. நரியம்மாவுக்கு மாலை விழுந்த சந்தோஷமே பாதி போய்விட்டது.

சில நாளில் வானம் இருண்டது. பிள்ளைகள் தங்கள் வீடுகளுக்குள் போனார்கள். பெற்றோர்கள் மருத மரத்தடியில் நின்றார்கள்.

அது தூறல் இல்லை. வானத்தைக் கிழித்துக்கொண்டு கொட்டியது. சரிவில் தண்ணீர் சலசலவென்று இறங்கியது. மேட்டில் இருந்த சின்ன வாசல்களை ஒதுக்கிவிட்டுப் போனது. பெரிய வளைவு வாசலைக் கண்டதும் பூமாலையை அடித்துக்கொண்டு உள்ளே புகுந்தது.

"அம்மா, தண்ணி வருது" என்று குஞ்சலத்தின் குரல் கேட்டது.

"முன்னாடி வராதே. பின்வாசல் வழியா வெளியே போ" என்று டீச்சர் கத்தினார்.

குரல் உள்ளே உள்ளே போனது. குஞ்சலம் பின்வாசலைத் தேடி ஓடுகிறது என்று எல்லாருக்கும் நிம்மதி. நரியம்மாவுக்கு மட்டும் இல்லை. புதருக்குள் வாசல் இல்லை என்பது அங்கே நின்றவர்களில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

வாயைத் திறந்தால் மானம் போகும். எல்லாரும் பார்க்கிறார்கள். அந்த முள்ளுக்காரியும் பக்கத்தில்தான் நிற்கிறாள். ஒரு மூச்சு நேரம் நரியம்மா பேசாமல் நின்றாள். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, குழந்தைகளே, ஆனால் நின்றாள்.

பிறகு கதறினாள். "பின்வாசல் இல்லை. நான் வைக்கவே இல்லை. அவ தோண்டலை, ஆள் வெச்சு நான் தோண்டினேன். என் பிள்ளையைக் காப்பாத்துங்க."

ஊசி அதற்குள் தன் பின்வாசல் வழியாக வெளியே வந்திருந்தது. முள்புதர்ப் பக்கம் ஓடியது.

"அத்தை, வளை எதுவரைக்கும் போகுது? எந்தப் பக்கம் திரும்புது?"

"எனக்குத் தெரியலையே ராசா" என்று அழுதாள் நரியம்மா. பெருச்சாளியிடம் அவள் சொன்னதெல்லாம் முன்வாசலைப் பற்றித்தானே.

ஊசி தரையில் காதை வைத்துக் கேட்டது. எங்கோ கீழே சின்ன முனகல். அந்த இடத்தில் மண்ணைத் தட்டி, "குஞ்சலம், நான் தட்டற பக்கம் தோண்டு. களிமண்ணா பார்த்துத் தோண்டு" என்று கத்தியது. முள்ளம்பன்றியம்மா புதரைப் பிடுங்கி எறிந்துவிட்டு மகனோடு சேர்ந்து தோண்டினாள். நரியம்மாவும் தோண்டினாள். அவள் நகம் பிய்ந்து ரத்தம் வந்தது.

மண்ணுக்கு அடியிலிருந்து பிராண்டும் சத்தம் கேட்டது. இங்கிருந்து இவர்கள், அங்கிருந்து குஞ்சலம். மண் பொத்தென்று விழுந்தது. ஒரு சேற்று மூக்கு வெளியே வந்தது.

நரியம்மா மகளை வாரி அணைத்துக்கொண்டாள். டீச்சர் அந்தப் பொந்தின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். உள்பக்கச் சுவரில் சின்னச் சின்ன நகக்கோடுகள் இருந்தன. அவற்றை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்த வளையில குஞ்சலம் தோண்டினது இந்த ஒரு முழம்தான். இதுக்குத்தான் நான் பாராட்டணும்" என்றார்.

"வாங்க, குஞ்சலம் அம்மா. ஊசி வளையில நனையாம இருக்கலாம்" என்று கூப்பிட்டாள் முள்ளம்பன்றியம்மா.

நரியம்மா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். வளை காய்ந்து, கதகதப்பாக இருந்தது. அப்போதுகூட அவளுக்கு வயிறு லேசாக எரிந்தது. பழகிப்போன வயிறு, சட்டென்று அணையுமா?

குஞ்சலம் அம்மாவின் மடியில் படுத்துக்கொண்டு கேட்டது. "மழை விட்டதும் நானே வேற வளை தோண்டட்டுமா? கோணலாத்தான் வரும்."

நரியம்மா ஊசியின் சுவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு பிய்ந்த தன் நகங்களைப் பார்த்தாள்.

"கோணலாவே வரட்டும். நீயே தோண்டு" என்றாள்.

நீதி: பொறாமையால் பிள்ளையின் வேலையைப் பெற்றவரே செய்துகொடுத்தால் மாலை வீட்டுக்கு வரும், கல்வி வராது.